பூனாகலையில் பனிக்கோட்டு

"கழுத்தப் பாத்துப் போடு! இறுக்கிப் புடிச்சிருக்கேன்ல!"

தேயிலைத் தோட்டத்து லய வீட்டின் கதவுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் சீறியது. தொடர்ந்து 'சதக்' என்று கத்தி இறங்கும் சத்தம். "எத்தன வெட்டு வெட்டுறது! அடங்க மாட்டேங்குதே சனியன்!" என்று ஒரு பெண்குரல் மூச்சு வாங்கியது.

வாசலில் நின்ற மதுரன் யோசிக்கவில்லை. ஆபத்து நேரத்தில் அவனுக்காக யோசிப்பவை அவன் கால்கள்தான். வழக்கமாக அவை ஓடும். இன்றைக்கு ஏனோ உதைத்துவிட்டன. துருப்பிடித்த கீல் கழன்று, கதவு முழுசாக உள்ளே சாய்ந்து, யாரோ ஒருவர் முகத்தில் போய் இறங்கியது.

"ஐயோ, என் மூக்கு!"

கத்தியைப் பிடுங்கப் பாய்ந்தான். நுனி பட்டு அவன் சட்டைக் கை தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே இழுப்பில் கிழிந்தது. அதுவும் அவன் கம்பனியில் தைத்த சட்டைதான்.

அப்புறம்தான் பார்த்தான். கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்றவள் கொழுந்து பறிக்கும் பெரியாயி. தரையில் மூக்கில் ரத்தம் ஒழுகக் கிடந்தவர் அவள் புருஷன் இராமையா. அவருடைய முழங்கால்களுக்கு நடுவே நசுங்கிக் கிடந்தது, ஓர் ஆரஞ்சு நிறப் பனிச்சறுக்குக் கோட்டு.

இதைவிட ஒரு கொலையே நடந்திருக்கலாம் என்று மதுரனுக்குத் தோன்றியது.

பண்டாரவளைப் பக்கத்துக் கார்மெண்ட்ஸில் தரம் பார்ப்பவன் அவன். பனியை ஃபிரிட்ஜுக்குள் மட்டுமே கண்டவன். "நம்ம தேயிலை மலைய விடவா சேர் அந்தப் பனிமலை?" என்று மனேஜரிடம் நெஞ்சை நிமிர்த்தி, பூனாகலைத் தோட்டத்தில் ஐந்து பேருக்கு ஆளுக்கொரு கோட்டைக் கொடுத்து, அதன் உறுதியைச் சோதிக்க ஒரு மாதம் மழையிலும் காற்றிலும் போட்டு உழைக்கச் சொன்னதும் அவனே. கிழிந்தால் ஒரு படம் எடுத்தால் போதும். முழுசாக இருப்பதைத்தான் கம்பனி திரும்பக் கேட்டது. காலையில் நாலு கோட்டு முழுசாக வேனில் ஏறிவிட்டன. ஐந்தாவதை வாங்கத்தான் இங்கே வந்திருந்தான். அது கிழிந்தால் வெளிநாட்டு ஓடர் போச்சு. ஓடரோடு அவன் வேலையும்.

கோட்டை விரித்தான். இருபது இடத்திலாவது கத்தி பட்ட தடம். கழுத்தோரம் மட்டும் ஒரு விரல் நுழையும் கிழிசல்.

"இது எப்படிக்கா?"

"முள்ளு."

"கதவச் சாத்திக்கிட்டா குத்துச்சு?"

"அதுக்கு முந்தி... காட்டுப் பன்னி ஒண்ணு பாஞ்சிருச்சு தம்பி."

"பன்னி இப்பத்தான் பாஞ்சிச்சு. கதவோட," என்றார் இராமையா, மூக்கைப் பொத்தியபடி.

மதுரன் மூலையில் கிடந்த துண்டை நனைத்து அவர் மூக்கில் வைத்து அழுத்தினான். சொந்த வேலை போகிற நேரத்தில் அடுத்தவர் மூக்குக்கு ஒத்தடம் கொடுக்கிற புத்தி அவனுக்குத்தான் வரும்.

"போட்டா வேர்க்குதாக்கா? மழை உள்ள எறங்குதா? கொழுந்து ஆயக் கை தூக்க முடியலையா?"

எல்லாவற்றுக்கும் இல்லை இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப எதுக்கு இந்த வெட்டு? எம்மேல கோவம்னா என்னைய வெட்டுங்க. நான் சீக்கிரமாவே கிழிஞ்சிருவேன்."

இராமையா சிரிக்கப் பார்த்து, மூக்கு வலிக்கவே பாதியில் நிறுத்திக்கொண்டார். கதவில்லாத வாசல் வழியாகச் சாரல் அடுப்படி வரை அடித்தது.

"ஒரே ஒரு உண்மை சொல்லுங்கக்கா. அப்படி என்ன வெறுப்பு, இந்தக் கோட்டு மேல?"

பெரியாயி கத்தியைக் கீழே வைத்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"கிழியலன்னா நீங்க வாங்கிட்டுப் போயிருவீங்களே, தம்பி."