உறைந்த மண்ணில் ஒற்றைக் கோடு

சங்கிலியைத் தாண்டி, ஜல்லி முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

சைக்கிள் டயர் பதிந்த கோடு. இரண்டு விரல் ஆழம். பாதையின் நடுவே மேலே ஏறி, வளைவில் மறைந்தது.

முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை பெரிய சிவப்புப் பலகை வைத்தும் எவனோ புகுந்திருக்கிறான்.

பனி உருகும் இந்த ஐந்தாறு வாரமும் அவளுக்கு இதுதான் வேலை. விடிந்ததும் மலைப்பாதையில் நடந்து, மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஏழரைக்குள் பலகையை மாற்ற வேண்டும். இரவுக் குளிரில் மண் கல்லாக இறுகிவிடும். அப்போது சைக்கிள் ஓட்டலாம். பச்சை. பதினோரு மணி வெயிலில் அதே மண் சேறாகும். ஓட்டினால் பாதை பாழ். சிவப்பு, சங்கிலி, பூட்டு.

எந்நேரமும் மண்ணை அமுக்கிக்கொண்டே இருப்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ஈரமானி என்று பெயர்.

போன் அடித்தது. பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற அண்ணன்.

"என்னம்மா ஈரமானி, பச்சையா சிவப்பா? நீ சொன்னாத்தான் பாதி ஊரு பல்லே விளக்குது."

"இருங்கண்ணா. யாரோ உள்ள போயிருக்காங்க."

"போனா போறான். வர்றப்ப காதைத் திருகி அனுப்பு."

போனைக் காதில் வைத்தபடியே குனிந்து கோட்டுக்குள் விரலை விட்டாள். விளிம்பு இரும்பாக இருந்தது. அடியில் கண்ணாடி போல மெல்லிய பனி. பக்கத்தில் குதிகாலால் ஓங்கி மிதித்தாள். மண் அசையவில்லை.

கோபம் போன இடம் தெரியவில்லை.

இன்று காலை இந்த மண்ணில் யாரும் கோடு போட்டிருக்க முடியாது. யானை நடந்தாலும் பதியாது. இது நேற்றுச் சேற்றில் விழுந்து, இரவில் உறைந்த கோடு.

நேற்று அவள் பத்தரைக்கே பூட்டிவிட்டாள். கடைவாய்ப் பல் உயிரை எடுத்தது. மருத்துவர் பதினொன்றே காலுக்கு வரச் சொல்லியிருந்தார். பாதையின் கடைசிவரை நடந்து பார்த்த பிறகே பூட்ட வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தை எட்டிப் பார்த்தாள், காலியாக இருந்தது, அதோடு சரி. ஊரிலிருந்தே மிதித்து ஏறி வருகிறவர்களும் உண்டு என்பது அந்த வலியில் நினைவுக்கு வரவில்லை. 'உள்ளே யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

கோடு ஒன்றே ஒன்று. போனதற்கு ஒன்று இருக்கிறது. திரும்பியதற்கு இல்லை. இந்தப் பாதைக்கு வேறு வாசலும் கிடையாது.

ராத்திரி குளிர் பூஜ்யத்துக்குக் கீழே ஏழு.

"அண்ணா, ராத்திரி முழுக்க ஒருத்தர் உள்ள இருந்திருக்கார்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "நான் வர்றேன். நீ ஓடாத, வழுக்கும்."

ஓடினாள்.

கண் கோட்டைவிட்டு அகலவில்லை. அது எங்கும் முடிந்துவிடக் கூடாது என்றும், சீக்கிரம் முடிந்து தொலைய வேண்டும் என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டாள். முதல் வளைவு. பள்ளத்தை எட்டிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவிலும் ஒன்றுமில்லை.

மூன்றாவது வளைவில் கோட்டுக்குப் பக்கத்தில் ஷூ தடங்கள் சேர்ந்துகொண்டன. இறங்கித் தள்ளியிருக்கிறார்.

அவள் மண்டியிட்டாள். தடத்தின் முனைப் பக்கம் அவளைப் பார்த்து இருந்தது.

அடுத்ததைப் பார்த்தாள். அதுவும் அப்படியே. எல்லாத் தடமும் கீழ்நோக்கி.

போன கோடு இல்லை, வந்த கோடு. காலையில் பச்சைப் பலகையைப் பார்த்து இறுகிய மண்ணில் ஏறியிருக்கிறார், அதனால் பதியவில்லை. சேற்றில் இறங்கியிருக்கிறார், பதிந்திருக்கிறது. சங்கிலிக்கு மேலே சைக்கிளைத் தூக்கிப் போட்டு வீட்டுக்குப் போயிருப்பார், அவளைத் திட்டிக்கொண்டே.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது, கூடவே மூக்கும் ஒழுகியது. அண்ணனை அழைத்தாள்.

"வர வேணாம்ணா. ஆள் நேத்தே வெளிய வந்துட்டார்."

"காலங்காத்தால என் உயிரை வாங்கிட்டியே! போய்ப் பலகையை மாத்தும்மா."

எழுந்தாள். அப்போதுதான் சற்று மேலே இருந்த தடங்கள் கண்ணில் பட்டன.

இரண்டு ஷூக்கள், பக்கத்தில் பக்கத்தில். மற்றவற்றைவிட ஆழம். குதிகால் நன்றாக இறங்கியிருந்தது, வெகுநேரம் நின்றதுபோல. இவை கீழே பார்க்கவில்லை. மலையைப் பார்த்தன.

இருபது அடி மேலே ஏறினாள். அங்கேயும் ஒரு ஜோடி, மலையைப் பார்த்து. அதற்கு மேலும்.

இறங்க இறங்க, நின்று நின்று, திரும்பிப் பார்த்திருக்கிறார்.

காலையில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று இந்த மண் சொல்லாது. இறங்கியவர் மட்டும் ஒருவர்.

கீழே வந்திருப்பார். வாசலில் அவளுடைய காவல் அறை பூட்டியிருந்திருக்கும். கூட வந்தவர் தனக்கு முன்னாலேயே இறங்கிவிட்டிருப்பார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பார். உள்ளே யாரும் இல்லை என்று நம்புவது எவ்வளவு சுலபம் என்பது அவளுக்குத் தெரியும்.

போன் இன்னும் கையில்தான் இருந்தது. துண்டிக்கவில்லை.

"அண்ணா," என்றாள். "வாங்க."

"என்னம்மா, வாங்கங்கறே, வேணாங்கறே?"

நிமிர்ந்து பார்த்தாள். மேலே, இரண்டாவது கோடே இல்லாமல், பனிப்புகைக்குள் பாதை ஏறிக்கொண்டிருந்தது. கூப்பிட அவளிடம் ஒரு பெயர்கூட இல்லை.

"வர்றேன்!" என்று கத்தினாள். "இதோ வர்றேன்!"