சரிபார்த்தவர் கையொப்பம்

2025ஆம் ஆண்டு மே மாதம் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குப் பொன்மலை வீட்டில் சகாயராணி தனியாக இருந்தாள்.

கணவர் சூசைமாணிக்கம், சென்னையிலிருந்து வரும் மகளை அழைத்துவர ஜங்ஷனுக்குப் போயிருந்தார். ஜெஸ்லின் வந்ததும் கணினியின் முன்தான் உட்காருவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடி வரை நானூறு வீடுகளுக்குப் பத்திரிகை போக வேண்டும். முகவரிகளை அதில்தான் அடிக்க வேண்டும். அவளுக்குக் கல்யாணம் இருபத்தாறாம் தேதி.

அவள் வருவதற்குள் ஒன்றை அழித்தாக வேண்டும்.

மூன்று வாரங்களாக ஒவ்வொரு மத்தியானமும், கணவர் கண்ணயர்ந்த பிறகு, சகாயராணி அந்தக் கணினியில் ஒரே விஷயத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். இடது மார்பில் கட்டி. எத்தனையாவது நிலை. இன்னும் எத்தனை ஆண்டு.

புதன்தோறும் சர்ச்சில் நவநாள் செபத்துக்கு என்று சொல்லிவிட்டுத் தில்லை நகர் மருத்துவமனைக்குப் போய்வந்தாள். டோக்கன் வாங்கி, பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. அறுவைக்கு நாளும் குறித்தாயிற்று: மே இருபத்தெட்டு. உறவினர் ஒருவர் கையொப்பமிட வேண்டிய படிவம் மட்டும் புடவைகளுக்கு அடியில் காலியாகக் கிடந்தது.

ஜெஸ்லினுக்குத் தெரிந்தால் கல்யாணத்தைத் தள்ளிவைப்பாள். ஏற்கெனவே நெஞ்சில் அறுவை நடந்த சூசைமாணிக்கத்துக்குத் தெரிந்தால் என்னவாகும் என்று நினைத்துப் பார்க்கவும் அவளுக்குத் தெம்பில்லை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“ராணி, சிஸ்டத்தக் காலையிலயே பாத்துட்டேன். ஒரு குறையுமில்ல. நீ அதத் தொட வேணாம், போய்ச் சித்த நேரம் படு.”

அவர் அப்படித்தான். ரயில்வே பணிமனையில் முப்பத்தெட்டு வருடம் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும், வீட்டில் ஓடுகிற ஒவ்வொன்றுக்கும் பக்க எண் இட்ட நோட்டு ஒன்று வைத்திருந்தார். மோட்டாருக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று. தேதி, நேரம், செய்த வேலை, காரணம், கையொப்பம்.

கடைசிக் கட்டம், சரிபார்த்தவர் கையொப்பம். வேலையைச் செய்தவரே அதைச் சரிபார்க்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஆகவே அந்தக் கட்டம் சகாயராணிக்கு. சனிக்கிழமைகளில் மூன்று நோட்டிலும் மொத்தமாகப் போட்டுத் தள்ளுவாள். இத்தனை வருடத்தில் ஒரு வரியும் படித்ததில்லை.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஹாஜிராவுக்குப் போன் செய்தாள்.

“மேல தெரியற ஹிஸ்டரிய மட்டும் அழிச்சாப் போதாது ராணிக்கா. அக்கவுண்ட்டுக்குள்ள போயும் அழிக்கணும், அப்பதான் திரும்பி வராது. ஆமா, கல்யாண நேரத்துல அண்ணனுக்குத் தெரியாம அப்படி என்னத்தப் பாத்தீங்க? வைர மூக்குத்தியா?”

“ஆமாண்டி. உனக்கும் சேத்துத்தான் பாத்தேன்.”

சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

கணினியைத் திறந்தாள். திரையில் எழுத்துகள் பெரிது பெரிதாக வந்தன. மூன்று வாரமாக அப்படித்தான். ஒருநாள் தாமாகவே பெரிதாகிவிட்டிருந்தன. கண்ணுக்கு இதமாக இருந்ததால் அவள் காரணம் தேடவில்லை.

ஹாஜிரா சொன்ன இடத்தை அழுத்தினாள்.

பட்டியல் வெறுமையாக இருந்தது.

அக்கவுண்ட்டுக்குள் போனாள். அங்கும் ஒன்றுமில்லை.

அவள் இன்னும் எதையும் அழிக்கவில்லை.

ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தாள். கெட்டிருந்தால் நோட்டில் இருக்கும். மேசை ஓரத்திலிருந்து அதை எடுத்துக் கடைசியாக எழுதிய பக்கத்தைப் பிரித்தாள். நீல மை, கட்டத்தை மீறாத எழுத்து.

“02.05.2025. காலை 5.40. பிரவுசர் ஹிஸ்டரி முழுவதும் நீக்கம். அக்கவுண்ட்டிலும் நீக்கம். காரணம்: ஜெஸ்லின் பார்க்கக் கூடாது.”

சுவடே இல்லாமல் அழித்த மனிதர், அழித்ததை எழுதிவைத்திருந்தார். எழுதாவிட்டால் அவருக்குக் கை நிற்காது.

சகாயராணி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு முந்தைய பக்கத்தைப் புரட்டினாள்.

“10.04.2025. மாலை 4.15. எழுத்தளவு பெரிதாக்கம். காரணம்: ராணி கண்ணைச் சுருக்கிப் படிக்கிறாள்.”

ஏப்ரல் பத்து. அவள் தேடத் தொடங்கிய மறுநாள். அப்படியானால் அந்த மத்தியானங்களில் அவர் தூங்கவில்லை.

அந்த வரிக்கு எதிரே, கடைசிக் கட்டத்தில், அவளுடைய கையொப்பம் இருந்தது.

தெருவில் ஆட்டோ ஒன்று வந்து, நிற்காமல் போயிற்று. அவள் எழுந்து, புடவைகளுக்கு அடியிலிருந்த படிவத்தை எடுத்துவந்தாள்.

மே இரண்டாம் தேதிக்கு எதிரே இருந்த காலிக் கட்டத்தில், சனிக்கிழமைக்குக் காத்திராமல், முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டாள். படிவத்தில் உறவினர் கையொப்பமிட வேண்டிய இடத்தில், அவருக்கு இடம் தெரியும்படி, பென்சிலால் சிறிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

ஜெஸ்லினிடமிருந்து மறைக்க வேண்டும் என்றாலும், பக்க எண் இட்ட நோட்டில் தாள் கிழிப்பதில்லை. ஆகவே படிவம் அந்தப் பக்கத்தில் செருகப்பட்டது; நோட்டு ஜெஸ்லின் கண்ணில் படாதபடி, அவர் கைக்கு மட்டும் எட்டும்படி, அவருடைய சட்டைகளுக்கு அடியில் வைக்கப்பட்டது. இருபத்தாறாம் தேதி வரை இதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. இருபத்தெட்டு, புதன்கிழமை, இருவருமாகப் போவது என்று, அவர் வருவதற்கு முன்பே, அவள் மனத்தில் முடிவாயிற்று.