மூன்றாவது டிக்கெட்

"பாட்டே கேக்காது உங்களுக்கு. அங்க வந்து என்ன மாமா பண்ணப் போறீங்க?"

மருமகள் இதை அடுப்பைத் துடைத்துக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னாள். மாமனாருக்குக் கேட்டுவிடப் போகிறதே என்ற பயமெல்லாம் இல்லை. அச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் மெஷின் பக்கத்திலேயே நின்றவர். இரண்டு காதும் சுத்தமாகப் போனதும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது எதிரில் நிற்பவர் வாயைப் பார்த்தால்தான் பேச்சு புரியும்.

அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு சமையலறை வாசலில் நின்றார். கையில் மடித்த பேப்பர்.

"என்னம்மா சொன்னே?"

அவள் திரும்பினாள். "கூட்டமா இருக்கும் மாமா. உங்களால முடியாது."

"அது பரவாயில்ல. இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரேன்."

"வந்து படிக்கிறேன் மாமா. நேரமாச்சு."

அவர் பேப்பரை இன்னும் சின்னதாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு அரங்கத்தில் பாதியில் நின்றுபோன லிஃப்டைச் சரி பண்ணிக் கொடுத்ததற்கு, மேனேஜர் சந்தோஷமாக அங்கே நடக்கும் கச்சேரிக்கு மூன்று டிக்கெட் கொடுத்திருந்தார்.

"மூணு இருக்கே. அப்பாவும் வரட்டுமே" என்றான், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே.

"வரட்டும். இப்ப என்ன பாட்டு, இப்ப என்ன பாட்டுன்னு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேப்பார். நீங்க பதில் சொல்றீங்களா?"

அவன் அடுத்த ஷூவை எடுத்தான். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவளுக்கும் ஆசை இருக்காதா? பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து, இன்று பாடப்போகிற அந்தப் பாடகர் என்றால் உயிர். அவர் படம் ஒன்று இன்னும் அவள் தையல் மெஷின் டிராயருக்குள் ஒட்டியிருக்கிறது. ஒரே ஒரு சாயங்காலம், தொந்தரவில்லாமல் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

அரங்கத்தில் மூன்றாவது நாற்காலியில் அவளுடைய கைப்பை உட்கார்ந்திருந்தது.

திரை விலகியது. மேடையில் மூன்றே பேர். ஒரு கிட்டார், ஒரு கீபோர்டு, தலை நரைத்த ஒரு டிரம்ஸ்காரர். டிவியில் பார்த்தபோதெல்லாம் இந்தப் பாடகருக்குப் பின்னால் முப்பது பேர் இருப்பார்கள்.

"மத்தவங்க லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்களோ?" என்றான் கணவன்.

"சும்மா இருங்க."

பாடகர் வந்தார். எழுபது வயது இருக்கும். கும்பிட்டார். கைதட்டல் அடங்கியதும் மைக்கைத் தூக்கிக்கொண்டு டிரம்ஸ் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜனங்களுக்கு முதுகு.

முதல் பாட்டு அப்படியே போனது. இரண்டாவதும் அப்படித்தான். குரலில் குறையில்லை. ஆனால் பார்வை டிரம்ஸ்காரரை விட்டு நகரவில்லை. தொடையில் தட்டுவதும், தலையை ஆட்டுவதும் எல்லாம் அவருக்குத்தான்.

"சார், நாங்க இந்தப் பக்கம் இருக்கோம்" என்று முன் வரிசையில் ஒருவர் குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். பாடகர் அப்போதும் திரும்பவில்லை.

ஐந்தாவது பாட்டில் ஒவ்வொருவராக எழுந்து போக ஆரம்பித்தார்கள். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"எழுந்திரிங்க. இவர் முதுகைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?"

வீட்டுக்கு வந்தபோது மாமனார் அதே சட்டையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

அவளுக்கு யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும் போல இருந்தது. எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அதை ஏன் கேக்கிறீங்க மாமா. மனுஷனுக்கு அவ்வளவு திமிர். கூட வாசிக்க மூணே பேர். பாட்டு முழுக்க அந்த டிரம்ஸ்காரரையே பாத்துப் பாடுறார். காசு குடுத்து வந்தவங்களுக்கு முதுகு."

மாமனார் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"தாளம் தப்பிச்சாம்மா?"

"இல்லையே."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்ல. அந்த டிரம்ஸ்காரரும் பாடகர் வாயை விட்டுக் கண்ணை எடுக்கல. ஏன் மாமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்துப் பிரித்துக் கொடுத்தார். போன வாரத்துப் பேப்பர். கீழ் மூலையில் நாலு விரல் அகலத்துக்கு ஒரு செய்தி.

பாடகரோடு நாற்பது வருஷம் வாசித்த டிரம்ஸ்காரருக்குக் காது கேட்காமல் போய்விட்டதாம். முப்பது பேருக்கு நடுவில் இனி அவரால் வாசிக்க முடியாது, வேறு ஆளைப் போடுங்கள் என்று எல்லோரும் சொன்னார்களாம். பாடகர் மற்றவர்களைக் குறைத்துக்கொண்டாராம். இரண்டு பேருக்கும் இதுதான் கடைசி மேடையாம்.

அவள் இரண்டாவது தடவையும் படித்தாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கணவன் ஒரு ஷூவைக் கழற்றியபடி அப்படியே நின்றான்.

மாமனார் எழுந்து சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"எனக்குப் பாட்டு கேக்காதுன்னு எனக்குத் தெரியாதாம்மா? காது போனவனையும் விட்டுட்டுப் போகாத ஒரு மனுஷன் இருக்கார்னு போட்டிருந்துச்சு. அவரை ஒரு தடவை பாத்துட்டு வரலாமேன்னுதான்."