காலி வீட்டுச் சண்டை

“ஊரையே சல்லடை போட்டுத் தேடி, பிடிச்ச ஏரியா இதுதானா?” காலி வீட்டின் கூடத்தில் தையல்காரி கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

“உனக்கு எந்த ஏரியாடி பிடிச்சிருக்கு?” அவனும் எகிறினான்.

எதிர்வீட்டம்மா மூக்கை நுழைக்காமல் இருப்பாளா? வாசலுக்கே வந்துவிட்டாள். “மெதுவாப் பேசுங்க. ரெண்டு வருஷமா இதே சண்டைதான் இங்க.”

“ரெண்டு வருஷமாப் பூட்டிக் கிடக்குங்க,” என்றார் வீடு காட்ட வந்த புரோக்கர்.

“பூட்டின வீட்லதான் கேக்குது, இதே ரெண்டு குரல். அடுத்து இவர், ‘உங்கம்மா வீட்டுக்கே போய்த் தொலை’ம்பார்.”

அதையே சொல்லத் திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான்.

தையல்காரி அன்றே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு வேறொருவரைக் கட்டிக்கொண்டு நன்றாகவே இருக்கிறாள். வீம்புக்கு அந்த வீட்டில் அவன் மட்டும் குடியேறினான். சாயங்காலமானால் இன்னும் அதே இரண்டு குரலும் கேட்கிறதென்று எதிர்வீட்டம்மா ஏரியாவையே மாற்றிக்கொண்டாள்.