காசியம்மாள் காப்பாற்றிய மானம்

“பொண்டாட்டி செத்து மூணு வருஷமாச்சு. இன்னும் எவ்ளோ நாளைக்குடா ஒண்டியா இருப்ப? எம்பொண்ணு சுபஸ்ரீயக் கட்டிக்க. தாய்மாமன் நீ இருக்கும்போது வெளியில ஏன் தேடணும்?”

இதைக் கேட்கத்தான் காசியம்மாள் வெள்ளிமலைக்கு பஸ் ஏறி வந்தாள். அங்கே ஜீப் ஓட்டும் தம்பி அன்புச்செல்வன் வண்டியைத் துடைக்கப் போய்விட்டான்.

சம்மதம் வாங்கிக்கொண்டு மறுநாளே கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவிடலாம் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை. இட ஒதுக்கீடு கேட்டுக் கீழே சாலை மறியல். வழிநெடுக மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். போதாததற்கு மழையில் மலைப்பாதையும் சரிந்துவிட்டது.

தம்பி வீட்டில் இன்னொருத்தனும் மாட்டிக்கொண்டிருந்தான். செழியன். எலவனாசூர்கோட்டைக்காரன். சரக்குக் கப்பலில் வேலை, லீவில் வந்தவன்.

“என் சிநேகிதன்க்கா” என்றான் அன்பு.

காசியம்மாளுக்குச் செழியனைப் பிடித்துப்போயிற்று. தம்பியின் குழந்தை மணிமொழிக்குத் தலை வாரிப் பின்னினான். கருவாட்டுக் குழம்பு வைத்தான். வெளியே எதிர் வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி.

“ஒரு தடவ துறைமுகமே பனியில உறைஞ்சு போச்சு. கப்பல் நகரவே இல்ல” என்று குழந்தைக்குக் கதை சொன்னான்.

“அப்ப இன்னா பண்ணீங்க மாமா?”

“உங்கப்பாவ நெனச்சிக்கினு உக்காந்திருந்தேன்.”

அன்பு சிரித்தான். தம்பி இப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ‘நல்ல சிநேகிதம்’ என்று மெச்சிக்கொண்டாள் காசியம்மாள்.

மறுநாள் காலை காபிக்காக அடுப்படிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அன்பு அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். செழியன் பின்னாலிருந்து அவன் தோளில் முகம் புதைத்திருந்தான். சிநேகிதர்கள் அப்படி நிற்பதில்லை. காசியம்மாளின் புருஷனே ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

“கருமம்! இன்னாடா இது?”

அன்பு விலகவில்லை. “நீ பாக்கறதுதான்க்கா.”

“ஊருக்குத் தெரிஞ்சா காறித் துப்புவாங்கடா! குடும்ப மானம் இன்னா ஆவறது?”

“கீழ எல்லாரும் ஒதுக்கீடு கேட்டு அடிபடறாங்க” என்றான் செழியன். “எங்களைக் கேக்காமலே ஒதுக்கிடுவாங்கக்கா.”

அவன் கை பட்டதைத் தொடமாட்டேன் என்றாள் காசியம்மாள். மத்தியானம் குழம்பு வாசனை வந்ததும் சாப்பிட்டாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டாள்.

ஒருவழியாக மரங்களை அகற்றினார்கள், மண்ணையும் அள்ளினார்கள். கிளம்பும்போது தம்பியை ஜீப்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. நீ சுபஸ்ரீ கழுத்துல தாலியக் கட்டு. இவன் லீவுக்கு வந்து போய்க்கினு இருக்கட்டும். நான் கண்டுக்க மாட்டேன்.”

“சுபஸ்ரீ?”

“அவகிட்ட யாரு சொல்லப் போறா? பேருக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி வூட்ல இருந்தா ஊரு வாயத் தொறக்காது.”

அன்பு அக்காவையே பார்த்தான்.

“நான் தூக்கி வளத்த பொண்ணுக்கா அவ. அவள ஏமாத்த என்னால ஆவாது. அவ மேல ஆசப்பட்டு வர்றவனாப் பாத்துக் கட்டி வை. தாய்மாமன் சீரு நான் வந்து செய்யறேன்.”

காசியம்மாள் ஜீப்பில் ஏறினாள்.

கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் ஓடி வந்தாள். “போன காரியம் இன்னா ஆச்சு?”

காசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தம்பியாம் தம்பி! அக்கா பொண்ணு வாழ்க்க மேல கொஞ்சமாவது அக்கற இருக்குதா அவனுக்கு?”