துபாயிலிருந்து லிந்துலை

மகள் யூஜினா துபாய்க்கு வேலைக்குப் போனதிலிருந்து, லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து ஆபிசில் பியூனாக இருந்து ஓய்வுபெற்ற லியனார்ட், லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் விமான நிபுணராகிவிட்டார். "மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். நாலரை மணித்தியாலம். கண்ண மூடித் தொறந்தா கொழும்பு!" என்பார்.

"அங்கருந்து லிந்துலைக்கு ஆறு மணித்தியாலம் வேன்ல குலுங்கணுமே, அதையும் சொல்லுங்க" என்பார் பக்கத்து வீட்டுப் பழனியாண்டி.

அன்று யூஜினா வந்துகொண்டிருந்தாள். காய்ச்சலில் கிடந்த லியனார்டின் மனைவி மரியநாயகி, மகள் கையால் தந்தால்தான் சாப்பிடுவேன் என்று வாயை இறுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிடாவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லியனார்ட் வாசலில் நின்று, மகளின் விமானம் அரபிக்கடலுக்கு மேல் வருவதைப் போன் மேப்பில் பழனியாண்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. போய்ப் பார்த்தார். யூஜினா அம்மாவின் தலையை மடியில் வைத்து, ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். முழு ரொட்டியையும் தின்ற மரியநாயகி, "இன்னொன்னு சுடு புள்ள" என்றாள்.

லியனார்ட் போனைப் பார்த்தார். விமானம் இன்னும் கடலைத் தாண்டவில்லை. முதல்முறையாக அவர் யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை.

மாலையில் போன் அடித்தது. "அப்பா, இப்பதான் கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுல எறங்குனேன். அம்மா ஏதாச்சும் சாப்பிட்டாங்களா?"

அடுப்படியில் யூஜினா தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வயிறு நெறயச் சாப்பிட்டா மகளே. நீ அவசரப்படாம வா" என்றார்.

பிறகு, தன் கையால் யாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தறியாத லியனார்ட், பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை ஊற்றி, சீனியைத் தாராளமாகப் போட்டுக் கலக்கி, அடுப்படிக்குப் போய், யாரென்று கேட்காமல், மகளின் உருவில் அங்கே நின்றவளிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.