அம்பு காட்டிய இடம்

நம்பினால் நம்புங்கள், அருளப்பனின் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் அதன் ஃபேன் காற்றில் எதிர்வீட்டுக் கொடியில் வேட்டி பறக்கும். அவ்வளவு கிழம்.

ஒருநாள் அது புதிதாக வந்த ஹார்ட் டிஸ்கிடம், "தம்பி, எனக்கு மூச்சு வாங்குது. செத்துப்போன லூர்தம்மாவோட போட்டோ, குரல் எல்லாம் என்கிட்ட மட்டும்தான் இருக்கு. வாங்கி வச்சுக்க" என்றது.

அருளப்பன், திரையில் மனைவி பெயரோடு இருந்த குட்டிப் படத்தை இழுத்து டிஸ்கில் போட்டார். அதன் மூலையிலிருந்த ஷார்ட்கட் அம்பை அவர் பார்க்கவில்லை.

"என்னண்ணே, கனமே இல்லையே!"

"இளவட்டம்டா நீ. உனக்கு எதுதான் கனம்?" என்று கிழம் சிரித்தது.

எல்லாம் எடுத்தாயிற்று என்று அருளப்பன் கிழத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார். அவர் அன்றே உடைத்துப் பிரித்துவிட்டார்.

பிறகு ஒரு மாலை, அருளப்பன் புதுக் கம்ப்யூட்டரில் டிஸ்கை மாட்டி மனைவியின் பெயரைத் தட்டினார்.

"என்கிட்ட அம்பு மட்டும்தாங்க ஐயா இருக்கு. அம்மா அண்ணன்கிட்ட இருக்காங்கன்னு அது காட்டுது. அண்ணனைக் கூப்பிடுங்களேன்" என்றது டிஸ்க்.

அருளப்பன் மறுபடியும் தட்டினார். டிஸ்க் மறுபடியும் அதையே சொன்னது.

எதிர்வீட்டுக் கொடியில் வேட்டி அசையாமல் தொங்கியது.